ஒரு டன் பனியில் ஏழு மில்லிகிராம் கரி

வேலூரில் புகைக்கரியைத் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. சூளை எரியும் மாதங்களில் மொட்டை மாடியில் காயும் வெள்ளை வேட்டியில் அதுவே வந்து உட்காரும். சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டில் சன்னல் கம்பியைத் துடைத்தால் துணி கறுத்துப்போகும். ஆம்பூரில் விறகடுப்பில் ஏறி இறங்கும் பிரியாணி தேக்சாவின் அடியில் இருப்பதும் அதே கரிதான். இங்கே அதனால் அழுக்கும் இருமலும் மூச்சிரைப்பும். சுமார் 8,500 கிலோமீட்டர் வடக்கே, ஆர்க்டிக்கில், அது பனியை உருக்கும் காரணங்களில் ஒன்று.

இதைப் பற்றிப் பேசும்போது எத்தனை டன் கரி வெளியேறுகிறது என்றுதான் முதலில் கேட்பார்கள். துருவங்களைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: அந்தக் கரி எதன்மேல், எந்த உயரத்தில், எந்த மாதத்தில் இருக்கிறது? பனியின் மேல் விழுந்த கரி சூடாக்கும். தரையை ஒட்டிய காற்றில் மிதக்கும் கரியும் சூடாக்கும். அதே கரி எட்டுப் பத்து கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால், கீழே உள்ள பனித்தரையைச் சற்றுக் குளிரவும் வைக்கலாம்.

கரி உண்டாகும் விதம்

விறகு, டீசல், நிலக்கரி எதுவானாலும், அதிலுள்ள கார்பனும் ஹைட்ரஜனும் முழுதாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமாகப் போய்விடும். ஆனால் பெரும்பாலான சுடர்களின் உள்ளே, எரிபொருள் மிகுந்து காற்று போதாத இடங்கள் இருக்கும். அங்கே மூலக்கூறுகள் வெப்பத்தில் உடைந்து, மீண்டும் வளையம் வளையமாகச் சேர்ந்து, 20 முதல் 50 நானோமீட்டர் குறுக்களவுள்ள கரி மணிகளாகின்றன. மணிகள் ஒட்டிக்கொண்டு கிளைவிட்ட சங்கிலிகளாகின்றன. ஒரு சங்கிலி பொதுவாக 100 முதல் 300 நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் சில நூறு சங்கிலிகளை வரிசையாக வைக்கலாம்.

விளக்குச் சுடர் மஞ்சளாகத் தெரிவதே இந்த மணிகள் சூட்டில் ஒளிர்வதால்தான். சுடரின் ஓரத்தில் போதிய காற்றும் சூடும் கிடைத்தால் அவை அங்கேயே எரிந்து தீரும். அதற்குள் குளிர்ந்துவிட்டால் புகையோடு தப்பிவிடும். அகல் விளக்கின் மேல் தட்டைப் பிடித்தால் கண்மைக்குக் கரி கிடைப்பதும் அதனால்தான்: தட்டு சுடரைப் பாதியிலேயே குளிர்வித்துவிடுகிறது.

எனவே எல்லாப் புகையும் ஒரே சரக்கு இல்லை. தம் போடும்போது தேக்சாவின் மூடிமேல் அள்ளிப்போடும் தணலிலிருந்து கரி மிகக் குறைவாகவே வரும். மரத்திலிருந்து சுடராக எரியக்கூடிய ஆவிகள் எல்லாம் அடுப்புக்கரி தயாரிக்கும்போதே போய்விட்டன. அடியில் சுடர்விட்டு எரியும் விறகுதான் பாத்திரத்தைக் கறுக்கடிக்கிறது. ஈர விறகு புகைந்தால் வரும் வெள்ளைப் புகை கண்ணை எரிக்கும், ஆனால் அதில் பெரும்பகுதி தார் போன்ற நுண்துளிகள். அவை ஒளியை உறிஞ்சுவதைவிடச் சிதறடிப்பதே அதிகம். செங்கல் சூளையில் கரும்புகை கிளம்பும் நேரத்தைக் கவனித்தால் காரணம் புரியும்: ஒரே தடவையில் நிறைய விறகைத் திணித்தவுடன் ஆவி பெருகும், காற்று போதாது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போட்டால் அதே விறகுக்குக் கரி குறையும். டீசல் எஞ்சினிலும் இதே கதைதான், மேம்பாலம் ஏறும் லாரி ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது புகை கறுப்பாகும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள, வாகனப் புகைக்கான பி.எஸ்.-6 விதிக்கு ஏற்ற டீசல் லாரிகளில் புகைக்குழாயிலேயே துகள் வடிகட்டி இருக்கிறது. பழைய வண்டிகளில் கிடையாது.

அறிவியலில் இந்தக் கரியின் கறுப்புப் பகுதியை 'பிளாக் கார்பன்' என்பார்கள். அதன் உறிஞ்சும் வலிமையை ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். காற்றில் மிதக்கும் ஒரு கிராம் புதிய கரி, சுமார் 7.5 சதுர மீட்டர் பரப்பில் விழும் பச்சை நிற ஒளிக்குச் சமமான அளவை உறிஞ்சும். பத்துக்கு எட்டு அடி அறையின் தரை அவ்வளவுதான் வரும். காற்றில் பழசாகி, சல்பேட் போன்றவை மேலே பூசிக்கொண்டால் உறிஞ்சுதல் இன்னும் கூடும். அந்தப் பூச்சு ஒளியைக் கரியின் பக்கம் திருப்பிவிடும்.

ஆயுள் மட்டும் குறைவு. மழையிலோ பனிப்பொழிவிலோ அடித்துக்கொண்டு போகும் வரைதான் கரி காற்றில் இருக்கும், சராசரியாக ஒரு வாரத்தை ஒட்டி. கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் தங்கும்.

பனிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாதிப்பு

துருவம் குளிராக இருப்பது வெயில் இல்லாததால் என்றே பலரும் நினைக்கிறோம். குளிர்காலத்துக்கு அது சரி. ஜூன் 21 அன்று கணக்கு வேறு. வளிமண்டலத்தின் உச்சியில் 24 மணி நேரச் சராசரி பார்த்தால், வட துருவத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 525 வாட் வெயில் விழுகிறது. நிலநடுக்கோட்டில் சுமார் 385 வாட்தான். துருவத்தில் அன்று சூரியன் மறைவதே இல்லை. இத்தனை வெயிலிலும் அங்கே கத்திரி வெயில் அடிக்காததற்கு முக்கியக் காரணம், வந்த ஒளியில் பெரும்பகுதியைப் பனி திருப்பி அனுப்பிவிடுவது.

திருப்பி அனுப்பும் பங்கை ஆல்பிடோ என்கிறோம். புதுப் பனிக்கு 0.8 முதல் 0.9. உருகத் தொடங்கிய பழைய பனிக்கு 0.5 முதல் 0.7. பனிக்கட்டி மேல் தேங்கிய உருகுநீர்க் குட்டைக்கு 0.2 முதல் 0.4. திறந்த கடலுக்கு வெறும் 0.06. கோடைக்கு முன் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கும் வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அடித்த மாதம் அறை குளுமையாக இருப்பதும், புழுதியும் கரியும் படிந்தபின் பழையபடி புழுங்குவதும் தெரிந்த விஷயம். பனியின் நிலைமை அதைவிட மோசம். மாடியில் அழுக்கு மேற்பரப்பில் மட்டும் மறைக்கிறது. பனியில் ஒளி உள்ளே போய்த் திரும்பி வருகிறது, வழியெல்லாம் கரி காத்திருக்கிறது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. பனி வெள்ளையாக இருப்பது, ஒளி ஒரு பனி மணியிலிருந்து இன்னொரு மணிக்குத் தாவித் தாவிச் சிதறி, கடைசியில் மேலே வெளியேறிவிடுவதால். வெளியேறுவதற்குள் ஒளி பல மணிகளைக் கடந்துவிடும். அந்த நீண்ட வழியில் எங்காவது ஒரு கரித்துகள் குறுக்கிட்டால் போதும், அதோடு ஒளியின் பயணம் முடிந்தது. அதனால்தான் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவிலேயே பனிக்குப் பாதிப்பு தொடங்கிவிடுகிறது. ஸ்டீபன் வாரன், வாரன் விஸ்கோம்ப் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவரும் 1980இல் கணக்கிட்டுக் காட்டிய விஷயம் இது. அகச்சிவப்புக் கதிரைப் பனிக்கட்டியே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் கரிக்கு அங்கே வேலையில்லை. கண்ணுக்குத் தெரியும் பகுதியில்தான் அதன் ஆட்டம், வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

பனியில் உண்மையில் எவ்வளவு கரி இருக்கிறது? ஆர்க்டிக் முழுவதும் மாதிரி எடுத்து 2010இல் வெளியான அளவீட்டின்படி, கிரீன்லாந்தில் ஒரு கிராம் பனிக்குச் சுமார் 3 நானோகிராம், ஆர்க்டிக் பெருங்கடலின் மேல் 7, ரஷ்யப் பக்கம் 20, 30 என்று ஏறும். ஒரு கிராமுக்கு 7 நானோகிராம் என்பது ஒரு டன் பனிக்கு 7 மில்லிகிராம். கண்ணுக்கு அந்தப் பனி தூய வெள்ளைதான். இந்த அளவுகளில் ஆல்பிடோ குறைவது புதுப் பனியில் 1 சதவீதம் வரை, பழைய பனியில் 3 சதவீதம் வரை. இவ்வளவு சின்ன மாற்றத்தைச் செயற்கைக்கோளில் பார்த்து, இது கரியால் வந்தது என்று பிரித்துச் சொல்வதே கடினம்.

ஒரு சதவீதம் தானே என்று தோன்றும். கணக்குப் போடலாம். மேகம் குறைந்த ஜூன் நாளில் பனித்தரைக்கு 24 மணி நேரச் சராசரியாக 300 வாட் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கூடுதலாக 1 சதவீதம் உறிஞ்சப்பட்டால் 3 வாட். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கினால் சுமார் 2,60,000 ஜூல். பூஜ்ஜியம் டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனியை உருக்க 3,34,000 ஜூல் வேண்டும். ஆக ஒவ்வொரு சதுர மீட்டரிலும் நாளொன்றுக்கு முக்கால் கிலோவுக்கு மேல் கூடுதலாக உருகும். ஒரு மாதத்தில் 23 கிலோ, அதாவது 23 மில்லிமீட்டர் உயர நீர். பனி ஏற்கெனவே பூஜ்ஜியம் டிகிரியை எட்டியிருந்தால்தான் இந்தக் கணக்கு. மைனஸ் 20இல் இருக்கும் பனிக்கு அதே 3 வாட் முதலில் சூடேற்றத்தான் செலவாகும்.

கதை அதோடு முடிந்தால் பரவாயில்லை. சூடேறிய பனியில் மணிகள் பருக்கும், புதிதில் 0.1 மில்லிமீட்டர் ஆரம் உள்ளவை பழையதில் 1 மில்லிமீட்டரை எட்டும். பெரிய மணிகளுள்ள பனியில் ஒளி இன்னும் ஆழம் போகும், ஆகவே அதே அளவு கரி இன்னும் அதிகமாக உறிஞ்சும். அடுத்து, உருகிய நீர் வடியும்போது கரி முழுதும் கூடவே போகாது. தண்ணீரோடு ஒட்டாத பொருள் என்பதால் பெரும்பகுதி மேலேயே தங்கிவிடும். மேலிருந்து அடுக்கடுக்காக உருக உருக, எல்லா அடுக்கின் கரியும் மேற்பரப்பின் சில சென்டிமீட்டருக்குள் சேரும். மார்ச்சில் 10 நானோகிராம் இருந்த இடத்தில் ஜூனில் அதைப்போலப் பல மடங்கு இருக்கலாம். கடைசியாகப் பனி தீர்ந்து நிலமோ கடலோ வெளியே வந்தால், 0.7 இருந்த இடத்தில் 0.06 அல்லது 0.2. கரி தொடங்கிவைத்ததை மண்ணும் கடலும் தொடர்ந்து செய்யும். இந்தத் தொடர் விளைவால்தான், ஒரே அளவு வாட் கூடினாலும், கார்பன் டை ஆக்சைடால் வருவதைப்போல இரண்டு மூன்று மடங்கு வெப்பநிலை உயர்வு பனிமேல் விழும் கரியால் வருவதாகக் கணினி மாதிரிக் கணக்கீடுகள் காட்டுகின்றன.

வீட்டு மாடியில் சோதித்துப் பார்க்க

வேண்டியவை: 20 × 25 சென்டிமீட்டரில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகள், அடியில் வைக்கத் தெர்மாகோல், ஜூஸ் கடையில் கிடைக்கும் நொறுக்கிய ஐஸ் தட்டுக்கு ஒரு கிலோ, அளவுக் குவளை இரண்டு, தெளிப்பான் பாட்டில் இரண்டு, விளக்குக் கரி 0.1 கிராம் (நகைத் தராசில் நிறுக்கலாம்). ஐஸ் கட்டிகளை முழுதாக வைத்தால் சோதனை பாழ். கண்ணாடி மாதிரி இருக்கும் கட்டியை ஒளி ஊடுருவித் தட்டுக்குப் போய்விடும். நொறுக்கிய ஐஸ்தான் பனியைப்போல வெள்ளையாக ஒளியைத் திருப்பும்.

கரியை நேரடியாகத் தண்ணீரில் போட்டால் மேலே மிதக்கும், கலக்காது. 100 மில்லி தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கரியைப் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். அதில் 10 மில்லியை ஒரு தட்டின் மேல் சீராகத் தெளித்தால் ஐஸில் ஏறும் கரி 10 மில்லிகிராம். இன்னொரு தட்டுக்குக் கரியில்லாத அதே சோப்புத் தண்ணீர் 10 மில்லி. இதை விட்டுவிட்டால், வித்தியாசம் கரியால் வந்ததா தண்ணீரால் வந்ததா என்று சொல்ல முடியாது. தட்டுகளை ஒரு பக்கம் லேசாகச் சரித்து, வடியும் நீரைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கலாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் மைனஸ் 18இல் இருக்கும். முதல் சொட்டு வடியும் வரை காத்திருந்து, அதற்குப் பிறகு தெளித்து நேரத்தைக் குறிக்கத் தொடங்குவது நல்லது.

மார்கழி, தை முற்பகலில் செய்யுங்கள். சதுர மீட்டருக்கு 700 வாட் வெயில் என்றால் இந்தத் தட்டின் மேல் 35 வாட் விழும். கரித் தட்டு கூடுதலாக 30 சதவீதம் உறிஞ்சினால் 10 வாட் வித்தியாசம். அரைமணியில் 50 மில்லிக்குச் சற்று மேல் நீர் கூடுதலாக வடிய வேண்டும். மே மாதத்தில் செய்தாலும் இந்த வித்தியாசம் கிடைக்கும்தான். ஆனால் 40 டிகிரிக் காற்றே இரண்டு தட்டுக்கும் 20 வாட்டுக்கு மேல் கொடுத்துவிடும், அளந்து முடிப்பதற்குள் ஐஸ் தீர்ந்துபோகும். கரியை அள்ளிக் கொட்டுவதும் வீண். மேற்பரப்பு ஏற்கெனவே கறுத்துவிட்டால் அதற்குமேல் போடுவதால் உறிஞ்சுதல் கூடாது. கற்களும் மண்ணும் பல சென்டிமீட்டர் கனத்தில் மூடிய பனியாறுகளில் உருகல் குறைவது, அந்தப் போர்வை வெயிலின் சூட்டை அடிவரை விடாததால். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்பது ஆர்க்டிக் பெருங்கடல் பனியில் உள்ளதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். மாடியில் கண்ணால் பார்ப்பது அங்கே கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது.

உயரம் கணக்கை மாற்றும் விதம்

ஏலகிரி ஏறினால் குளிர்கிறது. கீழே சூடு, மேலே குளிர் என்பது நமக்குப் பழகிய வளிமண்டலம். ஆர்க்டிக் குளிர்காலத்தில் இது தலைகீழ். பனித்தரை வெப்பத்தை வானுக்கு இழந்து, தன்மேல் உள்ள காற்றையும் குளிர்வித்துவிடும். சில நூறு மீட்டர் மேலே போனால் காற்று அதைவிட வெப்பமாக இருக்கும். கனத்த குளிர்காற்று அடியில் கிடக்கும், மேல்காற்றோடு எளிதில் கலக்காது.

இந்த அமைப்பில் கரி தரையை ஒட்டி இருந்தால், அது உறிஞ்சிய சூடு தரைப்பக்கமே தங்கிவிடும். பனியிலிருந்து திரும்பும் ஒளியும் அதே கரியைக் கடந்துதான் போக வேண்டும் என்பதால், கறுத்த கடலின் மேல் இருப்பதைவிட இங்கே அது உறிஞ்சுவது அதிகம். கரி உயரத்தில் இருந்தாலோ, ஒளியைத் தடுத்துக் கீழே நிழல் தருகிறது. உறிஞ்சிய சூடு மேல்காற்றில் நின்றுவிடுகிறது, கீழே இறங்குவதில்லை. மேலே சூடு கூடக் கூட அடுக்குகள் இன்னும் கலக்காமல் போகும். அதனால் தரையில் கிடைக்கும் பலன் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருக்கலாம். ஆர்க்டிக்குக்கு உள்ளேயே வெளியாகும் ஒரு டன் கரி, தெற்கே நடு அட்சரேகைகளில் வெளியாகும் ஒரு டன்னைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆர்க்டிக் தரையைச் சூடாக்கும் என்று 2013இல் வெளியான ஒரு கணக்கீடு காட்டியது. அதன் பெரும்பகுதிக்குக் காரணம், உள்ளே வெளியாகும் கரி தாழ்வாகவே இருந்து பனிமேல் விழுவது.

மாதமும் முக்கியம். துருவ இரவில் எவ்வளவு கரி இருந்தாலும் அது வெறும் தூசு, உறிஞ்ச ஒளி இல்லை. ஆனால் கரி சேர்வது அந்த மாதங்களில்தான்: குளிர்காலத்தில் அங்கே மழையும் பனிப்பொழிவும் குறைவு, காற்றைக் கழுவ ஆளில்லை. 1950களில் வானிலை விமானங்களில் பறந்தவர்கள் அலாஸ்காவுக்கு வடக்கே பார்த்துக் குழம்பிய பழுப்பு மூட்டம் இதுதான். அமெரிக்க வானிலையாளர் ஜே. மர்ரே மிட்செல் 1956இல் அதைப் பற்றி எழுதினார். மார்ச், ஏப்ரலில் சூரியன் திரும்பும்போது மூட்டம் இன்னும் கலைந்திருக்காது, பனியும் உச்சத்தில் இருக்கும். வசந்தத்தில்தான் கரியின் கை ஓங்குகிறது.

வேலூர்க் கரி அங்கே போகிறதா

பெரும்பாலும் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று அதை வங்கக் கடலுக்குத் தள்ளும். ஆடி, ஆவணி மாலை இடிமழை கழுவி இறக்கும். வடகிழக்குப் பருவத்தில் காற்று எதிர்ப்பக்கம், அரபிக் கடலை நோக்கி. ஒரு வார ஆயுளில் துருவம் போய்ச் சேருவது கடினம். தவிர ஒரு தடையும் உண்டு. சூடான காற்று வடக்கே போகும்போது, துருவத்தின் மேல் குவிந்திருக்கும் குளிர்காற்றுக்கு அடியில் நுழைய முடியாது. அதன் மேலேறித்தான் போக வேண்டும். ஆகவே தெற்காசியாவிலிருந்து இடிமேகங்களில் தப்பி உயரம் போகும் கொஞ்சம் கரி, ஆர்க்டிக்கின் மேல்வானத்தில்தான் போய்ச் சேருகிறது. சைபீரியாவின் குளிர்காலக் காற்று ஏற்கெனவே துருவக் காற்றளவு குளிர்ந்தது, அது தடையின்றி அடியிலேயே நுழையும்.

இதனால்தான் ரஷ்யாவின் எண்ணெய், எரிவாயு வயல்களில் வீணாகும் வாயுவைக் கொளுத்திவிடும் சுடர்கள் இந்தக் கணக்கில் பெரிதாகத் தெரிகின்றன. உலகக் கரியில் அத்தகைய சுடர்களின் பங்கு சுமார் 3 சதவீதம் என்றும், ஆர்க்டிக் தரைமட்டக் காற்றில் உள்ள கரியில் ஆண்டுச் சராசரியாக 42 சதவீதம் அவற்றிலிருந்து என்றும் 2013இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கோடையில் காட்டுத்தீ சேர்ந்துகொள்ளும். 2021 ஆகஸ்டில் சைபீரியாவின் யாக்குட்டியா காடுகளின் புகை வட துருவத்தையே எட்டியது. பழைய காலத்துக்குச் சாட்சி கிரீன்லாந்துப் பனிக்கட்டி. துளையிட்டு எடுத்த தூண்களில் கரி உச்சத்தில் இருந்தது 1906 முதல் 1910 வரை, வட அமெரிக்க ஆலைகள் நிலக்கரி எரித்த காலம். தொழிற்புரட்சிக்கு முந்திய அளவைப்போலச் சுமார் ஏழு மடங்கு. 1950களுக்குப் பிறகு அங்கே குறைந்துவிட்டது.

அப்படியானால் நம் புகைக்கும் துருவத்துக்கும் தொடர்பே இல்லையா? உண்டு, சுற்றுவழியில். நம் வானத்தில் கரி உறிஞ்சும் சூடு இங்கேயே நிற்காது. காற்றும் கடலும் வெப்பத்தைத் துருவத்தை நோக்கிக் கடத்துகின்றன. கரி போகாவிட்டாலும் சூட்டில் ஒரு பங்கு போகும். 1999இல் நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலநிலை விஞ்ஞானி வி. ராமநாதன் உள்ளிட்டோர் இந்தக் கடலின் மேல் பரவிக்கிடந்த பழுப்பு மூட்டத்தை விரிவாக அளந்தார்கள். ஆனாலும் வேலூரில் சூளைப் புகையைக் குறைக்கச் சொல்வதற்கு ஆர்க்டிக்கைக் காரணம் காட்டத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. பக்கத்துத் தெருவில் இருக்கும் நுரையீரல்கள் போதும்.

தென் துருவம்

இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தென் துருவப் பனியில் கரி ஒரு கிராமுக்குச் சுமார் 0.2 நானோகிராம்தான்; நெருப்பும் ஆலையும் தொலைவில், நடுவில் பெருங்கடல். கண்டத்தின் உட்பகுதியில் பெரிய விளைவு இல்லை. விவகாரம் விளிம்பில், அண்டார்டிகத் தீபகற்பத்தில், ஆய்வு நிலையங்களும் சுற்றுலாக் கப்பல்களும் குவியும் இடத்தில். ஜெனரேட்டர், கப்பல், விமானம் எல்லாம் பனிக்குப் பக்கத்திலேயே புகைவிடுகின்றன. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுற்றுலாப் பயணியின் வருகையால் சுமார் 83 டன் பனி முன்னதாகவே உருகுவதாக மதிப்பிட்டது.

எப்படி அளக்கிறார்கள்

காற்றில் உள்ள கரிக்கு ஏதலோமீட்டர் என்ற கருவி. வெள்ளை வடிகட்டி நாடா வழியே காற்றை இழுத்து, நாடா எவ்வளவு கறுக்கிறது என்று ஒளியால் பார்க்கும். கரிக்கு 880 நானோமீட்டர் ஒளியைப் பயன்படுத்துவார்கள். மண்தூசும் பழுப்புப் புகையும் அந்த ஒளியை அதிகம் உறிஞ்சுவதில்லை, குழப்பம் குறையும். நாடாவின் ஒரே இடத்தில் நிறைய சேர்ந்தால் கருவி குறைத்துக் காட்டும், ஆகவே நாடா தானாக நகரும். கணக்கில் ஒரு திருத்தமும் சேர்க்க வேண்டும். இந்தியாவின் ஆர்க்டிக் நிலையமான ஹிமாத்ரி, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008 முதல் இயங்குகிறது. காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் அங்கு ஆராயப்படும் விஷயங்களில் ஒன்று.

பனியில் உள்ள கரிக்கு அலைச்சல் அதிகம். பனிவண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டு, காற்று வரும் திசையில் நடந்துபோய் மாதிரி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அளப்பது வண்டிப் புகையைத்தான். ஆய்வகம் வரும்வரை மாதிரி உறைந்தே இருக்க வேண்டும். உருகினால் கரி பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு வடிகட்டிக்கு வராது. மைக்ரோவேவில் சட்டென உருக்கி, உடனே வடிகட்டுவது அதனால்தான். காட்டுத்தீயின் பழுப்புப் பொருளும் மண்ணும் கரியோடு கலந்திருந்தால், பல நிறங்களில் உறிஞ்சுதலை ஒப்பிட்டுப் பிரிப்பார்கள்.

மொத்தக் கணக்கில் எவ்வளவு

'கார்பன் டை ஆக்சைடுக்கு அடுத்த குற்றவாளி கரிதான்' என்று இணையத்தில் இன்னும் எழுதுகிறார்கள். கரியால் பூமியில் கூடும் வெப்பம் உலகச் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 1.1 வாட் என்றது 2013இல் வெளியான ஒரு பெரிய மதிப்பீடு. அந்த எண்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2021இல் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாம் அறிக்கை தந்த எண் 0.11 வாட், அதுவும் மைனஸ் 0.20 முதல் 0.42 வரை ஆடும் எண். குறைந்ததற்குக் காரணம் இரண்டு. மேல்வானில் கரி இருந்தால் அதன் சூட்டால் மேகங்கள் மாறி, சூடாக்கும் விளைவில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. விமானங்களில் அளந்தபோது, கணினி மாதிரிகள் கணித்த அளவு கரி தொலைதூர மேல்வானில் இல்லை என்றும் தெரிந்தது. பனிமேல் விழும் கரி போன்ற துகள்களுக்கு அதே அறிக்கை கொடுத்த எண் 0.08 வாட். உலகச் சராசரியாகச் சின்னது. ஆனால் அது உலகம் முழுதும் பரவி விழுவதில்லை, பனி இருக்கும் கொஞ்ச இடத்தில், வசந்தத்தின் சில மாதங்களில் குவிகிறது. 1979க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியதில் முதல் பங்கு பசுமைக்குடில் வாயுக்களுக்குத்தான். கரி அதோடு சேர்ந்து தள்ளுகிறது.

கரியைக் குறைப்பதிலும் ஒரு சிக்கல். எந்த நெருப்பிலிருந்தும் கரி தனியாக வருவதில்லை. கூடவே வரும் சல்பேட்டும் வெண்புகைத் துகள்களும் ஒளியைத் திருப்பிக் குளிர்விக்கின்றன. காட்டுத்தீயில் அவை அதிகம், ஆகவே அதைக் குறைத்தாலும் நிகர பலன் தெளிவில்லை. டீசலிலும் எரிவாயுச் சுடரிலும் கரியின் விகிதம் மிகுதி. அங்கே கை வைத்தால் பலன் நிச்சயம். கப்பல்களுக்கு இது இன்னும் பொருந்தும்: பனிக்கு அருகிலேயே, தாழ்வாக, வெயில் மாதங்களில் ஓடுகின்றன. கசடு நிறைந்த கன எரிபொருள் எண்ணெய்க்கு அண்டார்டிகக் கடலில் 2011 ஆகஸ்ட் முதல் தடை இருக்கிறது. ஆர்க்டிக்கில் தடை 2024 ஜூலை 1இல்தான் வந்தது. அதிலும் விலக்கு பெற்ற கப்பல்கள் 2029 நடுப்பகுதி வரை அதே எண்ணெயை எரித்துக்கொண்டே போகலாம்.